கார்ட்டர் துரத்திய புழு

வணக்கம் நேயர்களே.

உலகத்தின் துயரங்களைத் தீர்க்கப் பணம் கொடுப்பவர்கள், முன்னால் நின்று வழிநடத்துபவர்கள் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். கோடீஸ்வரர்கள் பெயரைச் சொல்லி, யார் எத்தனை கோடி கொடுத்தார் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. ஒரு புழுவைப் பற்றிப் பேசப் போகிறேன். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நரம்புச் சிலந்தி. வயதானவர்களில் சிலர் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகம் இதைக் கினிப் புழு என்று சொல்கிறது. குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற சின்னப் பூச்சிகள் உண்டு, சைக்ளாப்ஸ் என்பார்கள். அதற்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரை அப்படியே குடித்தால் பூச்சி வயிற்றில் செத்துவிடும், குஞ்சு சாகாது. குடலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் போய், ஏறக்குறைய ஒரு வருஷம் சத்தமில்லாமல் வளரும். அப்புறம் காலில் ஒரு கொப்புளம் கிளம்பி நெருப்பாய் எரியும். கொப்புளம் உடைந்தால் வெந்த சேமியா இழை போல வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் பெண் புழு. மூன்றடி வரை நீளம் இருக்கும். பிடித்து இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் உள்ளே சீழ் வைத்துவிடும். அதனால் ஒரு குச்சியில் முனையைச் சுற்றி, தினமும் ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை என்று வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் ஒருவர் காலைக் குளத்தில் வைத்தால் போதும், புழு லட்சக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் கக்கிவிடும். அந்தக் குளத்தைத்தான் ஊரே குடிக்கும்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. குணப்படுத்தும் மாத்திரை கிடையாது. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிற ஆறுதலும் கிடையாது. ஆளைப் பெரும்பாலும் கொல்லாது, ஆனால் படுக்கப் போட்டுவிடும். அதுவும் பல ஊர்களில் நடவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் வரும். அப்பாவும் அம்மாவும் படுத்துவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போவார்கள். 1986ஆம் ஆண்டில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் 21 நாடுகளில் சுமார் 35 லட்சம் பேருக்கு இது இருந்ததாகக் கணக்கிட்டார்கள். அத்தனை பேரும் ஏழைகள், குளத்துத் தண்ணீர் குடிக்கிறவர்கள். மருந்து கம்பெனிக்கு இதில் பத்துப் பைசா லாபம் இல்லை. அதனால் யாரும் சீந்தவில்லை.

இங்கேதான் ஜிம்மி கார்ட்டர் வருகிறார். அமெரிக்க ஜனாதிபதியாக 1977 முதல் 1981 வரை இருந்தார். ரீகனிடம் தோற்று ஊருக்குத் திரும்பினார். வயது 56. பதவி போன அமெரிக்க ஜனாதிபதிகள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்: நினைவுக் குறிப்பு எழுதுவார்கள், பெரிய கட்டணத்துக்குச் சொற்பொழிவு ஆற்றுவார்கள், கோல்ஃப் ஆடுவார்கள். கார்ட்டரும் புத்தகம் எழுதினார்தான், நிறையவே எழுதினார். ஆனால் 1982இல் மனைவி ரோஸலினோடு சேர்ந்து அட்லாண்டாவில் கார்ட்டர் மையம் என்று ஒன்றைத் தொடங்கினார். யாரும் சீந்தாத நோய்களை அது எடுத்துக்கொண்டது. அதில் முதல் வரிசையில் நின்றது இந்தப் புழு.

யோசனை அவருடையது அல்ல. டொனால்ட் ஹாப்கின்ஸ் என்ற மருத்துவர் சியரா லியோனில் பெரியம்மையை ஒழிக்கப் பாடுபட்டவர். பெரியம்மையை ஒழித்தது போல இதையும் உலகத்திலிருந்தே துடைத்துவிடலாம் என்று 1980களின் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் பூச்சி மாட்டிக்கொள்ளும். புழு வெளியே வந்த ஆளைத் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டால் சங்கிலி அறுந்துவிடும். இவ்வளவுதான் வைத்தியம். கேட்க எளிது. இதை ஆயிரக்கணக்கான கிராமங்களில், ரோடு இல்லாத ஊர்களில், ஒரு ஆள்கூடத் தவறாமல் செய்ய வைக்க வேண்டும். ஹாப்கின்ஸிடம் திட்டம் இருந்தது. கதவைத் தட்டினால் திறக்க வைக்கும் முகம் கார்ட்டரிடம் இருந்தது. தலைமை என்று நான் சொல்ல வருவது இந்த இரண்டும் சந்தித்த இடத்தைத்தான். கார்ட்டர் பெரும் பணக்காரர் அல்ல, வேர்க்கடலை விவசாயி. அவர் கொடுத்தது காசோலை அல்ல, தன் பெயரை.

அந்தப் பெயரை வைத்து அவர் எப்படிக் கேட்டார் என்பதற்கு ஒரு உதாரணம். சாதாரண பருத்தித் துணியில் வடிகட்டினால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஈரத்திலேயே கிடந்து இற்றும் போகும். நல்ல நைலான் துணி வேண்டும். டூபான்ட் கம்பெனியில் பெரிய பங்கு வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் எட்கர் பிரான்ஃப்மன். ஒரு மதிய உணவு வேளையில் கார்ட்டர் அவரிடம் இந்த வடிகட்டி விஷயத்தை எடுத்துச் சொன்னார். அவர் கம்பெனியிடம் சொன்னார். அப்புறம் இதற்கென்றே இழை தயாரித்து, துணி நெய்து, இலவசமாகக் கொடுத்தார்கள். குளத்தில் போடும் மருந்தும் அப்படியே வந்தது. டெங்கு காலத்தில் நம் ஊரில் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகிறார்களே, அபேட், அதே மருந்துதான். தயாரித்த கம்பெனி பல ஆண்டுகள் விலையில்லாமல் கொடுத்தது.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். கார்ட்டர் மையத்தின் சுகாதார வேலைகளுக்கு ஆரம்ப காலத்தில் பணம் கொடுத்த முக்கியமானவர்களில் ஒருவர் ஆகா ஹசன் அபேதி. பாகிஸ்தான்காரர், பி.சி.சி.ஐ. வங்கியின் நிறுவனர். கிரிக்கெட் வாரியம் இல்லை, இது ஒரு சர்வதேச வங்கி. 1991இல் பெரும் மோசடி அம்பலமாகி, பல நாடுகள் சேர்ந்து அந்த வங்கியை இழுத்து மூடின. பணம் போட்டிருந்த எளிய மனிதர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். கார்ட்டர் மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனாலும் பெரிய கொடையைப் பற்றிப் பேசும்போது அது எங்கேயிருந்து வந்த பணம் என்று கேட்காமல் இருக்க முடியாது. அதே சமயம், கார்ட்டர் மையம் முதலில் கைவைத்த நாடும் பாகிஸ்தான்தான். 1993க்குப் பிறகு அங்கே ஒருவருக்கும் இந்தப் புழு வரவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்க முடிகிறது. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்தது வெளியார் அல்ல, நம் அரசாங்கமே. ஏழு மாநிலங்களில் நோய் இருந்தது, அதில் தமிழ்நாடும் ஒன்று. முதலில் விடுபட்டதும் தமிழ்நாடுதான். கடைசி வரை இழுத்தது ராஜஸ்தான். அங்கே படிக்கிணறுகளில் காலை நனைத்தபடி இறங்கித்தான் தண்ணீர் மொள்ளுவார்கள். புழுவுக்கு அதைவிட வசதி வேண்டுமா? படிகளை அடைத்து, அடிபம்பு போட்டு, வடிகட்டித் துணி கொடுத்து, வீடு வீடாக ஆள் தேடினார்கள். 1996இல் ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசி நோயாளி. 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்த நோயற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

ஆப்பிரிக்கா அவ்வளவு சுலபமாக இல்லை. கார்ட்டர் 1988இல் கானாவில் நோயை நேரில் பார்த்தார். ஒரு இளம்பெண் எதையோ மார்போடு அணைத்தபடி கூட்டத்தில் நின்றாள். கைக்குழந்தை என்று நினைத்து அவர் பக்கத்தில் போனார். அது அவளுடைய வீங்கிப்போன மார்பு. அதிலிருந்து புழு வெளியே வந்துகொண்டிருந்தது. இதைப் பிற்பாடு அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சூடானில் நடந்ததைத்தான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1983இலிருந்து அங்கே உள்நாட்டுப் போர். வடக்கே கார்ட்டூம் அரசாங்கம், தெற்கே ஜான் கராங்கின் படை. மிச்சமிருந்த நோயாளிகளில் பெரும்பகுதி அந்தத் தெற்கில்தான். குண்டு விழுகிற இடத்தில் யார் போய்த் துணி கொடுப்பது? 1995 மார்ச்சில் கார்ட்டர் போனார். இரண்டு தரப்பிடமும் பேசினார். அரசியல் தீர்வு எதுவும் கேட்கவில்லை. சுகாதார ஊழியர்கள் உள்ளே போய் வர வேண்டும், அதுவரை சுடாதீர்கள் என்று கேட்டார். இரண்டு மாதம் என்று தொடங்கிய போர்நிறுத்தம் நீட்டிக்கப்பட்டு, கிட்டத்தட்ட ஆறு மாதம் நின்றது. புழுவின் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள், கினிப் புழு போர்நிறுத்தம் என்று. அந்த ஆறு மாதத்தில் வடிகட்டித் துணிகள் லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. கூடவே தட்டம்மைத் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, ஆற்றுக் குருடு நோய்க்கான மாத்திரை. அப்புறம் பழையபடி சண்டை. சமாதானம் வர 2005 ஆயிற்று. ஆனால் எந்தெந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்ற விவரம் அதற்குள் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. எத்தனை கோடி டாலர் கொடுத்தாலும் இந்த ஆறு மாதத்தைக் கடையில் வாங்க முடியாது.

இடம்பெயர்ந்து ஓடுகிறவர்கள் குடமும் துணியும் சுமக்க முடியாது அல்லவா? அவர்களுக்காக ஒரு சின்னக் குழாய் செய்தார்கள். ஒரு முனையில் வலை. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். மாடு மேய்க்கிற பையன் தாகம் எடுத்தால் குனிந்து, குழாயைத் தண்ணீரில் வைத்து உறிஞ்சுவான். பூச்சி வலையில் நின்றுவிடும்.

இன்னொரு வேடிக்கை, கார்ட்டர் துணைக்குச் சேர்த்துக்கொண்ட ஆட்கள். மாலியில் அந்த நாட்டை ஆண்ட ஜெனரல் அமாது துமானி துரே. நைஜீரியாவில் ஜெனரல் யாகுபு கோவோன். இந்தக் கோவோன் யார் தெரியுமா? நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற பையாஃப்ரா பகுதியோடு போர் நடந்தபோது நைஜீரியாவை ஆண்டவர். அந்தப் போரில் பட்டினியால் செத்த குழந்தைகளின் படங்கள் உலகத்தையே உலுக்கின. அதே மனிதர் வயதான காலத்தில் குக்கிராமங்களுக்குப் போய், ஊர்த் தலைவர்களோடு உட்கார்ந்து, குளத்தில் மருந்து போட விடுங்கள் என்று கேட்டார். சில ஊர்களில் குளம் தெய்வத்துக்குச் சொந்தம், மருந்து போட்டால் சாமி கோபிக்கும் என்பார்கள். அமெரிக்காக்காரன் சொன்னால் யார் கேட்பார்கள்? முன்னாள் ஜனாதிபதி தங்கள் ஊர்ப் பாயில் வந்து உட்கார்ந்தால் கேட்பார்கள். இது பிராயச்சித்தமா, எனக்குத் தெரியாது. நைஜீரியாவில் 1980களின் கடைசியில் எடுத்த கணக்கில் ஆறு லட்சத்துக்கும் மேல் நோயாளிகள். 2013இல் அந்த நாட்டுக்குச் சான்று கிடைத்தது.

இவர்கள் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. பெயர் தெரியாதவர்கள் கிராமத்துத் தொண்டர்கள். மாதச் சம்பளம் இல்லை. அதே ஊர்க்காரர்கள், நிறையப் பேர் பெண்கள். வீடு வீடாகப் போய் வடிகட்டித் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யாருக்காவது கொப்புளம் கிளம்பினால் ஒரு நாளுக்குள் கண்டுபிடித்து, தண்ணீர்ப் பக்கம் போகாமல் உட்கார வைத்து, புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, புழுவைச் சுற்றி எடுப்பார்கள். தகவல் சொன்னவருக்குச் சன்மானம் உண்டு. நோய் குறையக் குறைய இந்த வேலை அலுப்பூட்டும். வருஷம் முழுவதும் தேடியும் ஒரு ஆள்கூட அகப்படமாட்டார். ஆனாலும் தேட வேண்டும்.

இங்கேதான் பெரிய சண்டையே. விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளுக்காக இவ்வளவு செலவா, அந்தப் பணத்தில் மலேரியாவால் சாகிற குழந்தைகளைக் காப்பாற்றலாமே, அல்லது எல்லா ஊருக்கும் ஆழ்துளைக் கிணறே போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கிணற்று விஷயத்தில் எனக்கும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. துணி புழுவைத்தான் நிறுத்தும், வயிற்றுப்போக்கை நிறுத்தாது. ஆனால் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாட் நாடு இருக்கிறது. பத்து வருஷம் ஒரு நோயாளியும் இல்லை என்று இருந்த நாடு. 2010இல் பார்த்தால் புழு திரும்பி நிற்கிறது. 2012இல் இன்னொரு இடி: நாய்களுக்கும் வர ஆரம்பித்திருந்தது. ஆற்றங்கரையில் மீனைக் கழுவி எறிகிற குடலைத் தின்று நாய்களுக்குத் தொற்றுகிறது என்று சந்தேகிக்கிறார்கள். இப்போது அங்கே நாயைக் கட்டிப்போட்டுத் தகவல் சொன்னாலும் பணம் கொடுக்கிறார்கள், மீன் குடலைப் புதைக்கச் சொல்கிறார்கள். எத்தியோப்பியாவில் பபூன் குரங்குகளிலும் கண்டார்கள். மனிதர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று நம்பித்தான் இந்த ஒழிப்புத் திட்டத்தையே போட்டிருந்தார்கள். 1995க்குள் முடிப்போம் என்று முதலில் வைத்த கெடு எப்போதோ போய்விட்டது. இப்போதைய கெடு 2030.

கார்ட்டருக்கு 2015இல் மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அவரே சொன்னார். இனி என்ன ஆசை என்று கேட்டபோது, எனக்கு முன்னால் கடைசிக் கினிப் புழு சாக வேண்டும் என்றார். அதற்குப் பிறகும் ஒன்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். 2024 டிசம்பர் 29ஆம் தேதி, தனது 100ஆவது வயதில் காலமானார். அந்த ஆண்டு உலகம் முழுவதிலும் 15 பேருக்குப் புழு வந்தது. சாட்டில் 9 பேர், தென் சூடானில் 6 பேர். மாலி, எத்தியோப்பியா, சூடான், அங்கோலா ஆகிய நாடுகளுக்கும் இன்னும் சான்று பாக்கி. சான்று வேண்டுமென்றால் மூன்று வருஷம் ஒரு நோயாளிகூட இருக்கக் கூடாது, தேடல் மட்டும் நிற்கக் கூடாது. சாட்டின் ஆற்றங்கரை ஊர்களில் நாய்க்குப் போடும் கயிற்றுக்கும், தகவல் சொன்னவருக்குக் கொடுக்கும் சன்மானத்துக்கும் இன்னும் ஆறேழு வருஷமாவது யாராவது பணம் கொடுத்தாக வேண்டும்.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.