கடலுக்கு ஏத்த நேரத்துல நாடகத்தக் கொண்டுவந்தது செல்போன்தான்

நடுவர் அய்யா அவர்களுக்கும், முன்னாடி பேசிட்டுப் போன எதிரணி அண்ணனுக்கும் அக்காவுக்கும், திருவிழாவுக்கு வந்து மணல்ல பாய் விரிச்சு உக்காந்திருக்க நம்ம சொந்தபந்தம் அத்தன பேருக்கும் வணக்கம்.

லேட்டா வந்தவங்களுக்காகத் தலைப்ப இன்னொரு தடவ சொல்லிர்றேன். நாடகம் பாக்குற சந்தோசம் பெருசா இருந்தது அன்னைக்கு வீட்டு நடுவுல இருந்த டிவியிலயா, இல்ல இன்னைக்குக் கையில இருக்க செல்போன்லயா? நான் செல்போன் பக்கம். அண்ணன் என்ன சொன்னாருன்னா, அப்ப தெருவே ஒரு வீட்ல கூடி உக்காந்து பாத்துச்சு, இப்ப ஆளுக்கொரு மூலையில தலையக் குனிஞ்சிருக்காங்கன்னாரு. நம்ம ராமேஸ்வரத்துல நிக்கிற டிவி கோபுரம் 323 மீட்டர், இந்தியாவுலயே இதான் உசரம்னு பெருமையாவும் சொன்னாரு, அந்தப் பெருமை எனக்கும் உண்டு அண்ணே, எங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தாலே ராத்திரி அதோட சிவப்பு லைட்டு தெரியும். ஆனா இந்தக் கடக்கரையில எந்த வீட்ல, யாரு, எந்த நேரத்துல உக்காந்து நாடகம் பாத்தாங்கன்னு அண்ணன் சொல்லவே இல்ல. அதத்தான் நான் சொல்ல வந்திருக்கேன்.

மொதல்ல அந்தத் தெருவே கூடுனுச்சுங்குற கதைக்கு வர்றேன். 1987-ல தூர்தர்சன்ல ஞாயித்துக்கிழமை காலையில ராமாயணம் ஆரம்பிச்சப்ப தெருவுக்கு ஒரு டிவி இருந்தாலே பெருசு, அதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துல ஆன்டெனாவ மூங்கில் கம்புல கட்டி இலங்கைப் பக்கம் திருப்பி வச்சு ரூபவாஹினி பாத்தவங்க எல்லாம் இந்தக் கூட்டத்துலயே இருக்காங்க, உப்புக்காத்துக்கு அந்தக் கம்பியெல்லாம் துருப்பிடிச்சு உதிர்ந்துரும். சரி, கூடுனாங்க. கூடுன எடத்துல டிவிக்காரங்க வீட்டு ஆளுங்க நாற்காலியில உக்காந்தாங்க, வேண்டப்பட்டவங்க தரையில உக்காந்தாங்க, மத்தவங்க எங்க நின்னாங்க? எங்க அம்மா ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்தவங்க. மீன் வித்துட்டு நேரா வந்துருக்கே, கவிச்சி அடிக்குது, அங்கிட்டு நில்லுன்னு சொல்லிருக்காங்க. யாரு சொன்னாங்கன்னு நான் பேரச் சொல்லப்போறதில்ல. ஆனா அந்தக் காலத்த பொற்காலம்னு சொல்லும்போது நாற்காலியில உக்காந்தவங்க மட்டும் சொன்னா பத்தாது, ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டு நின்னவங்ககிட்டயும் கேக்கணும்.

இன்னொண்ணும் இருக்கு. அந்தக் கூட்டம் கலைஞ்சது செல்போனாலயா? 1993-ல சன் டிவி வந்துச்சு, கேபிள் வந்துச்சு, 2006-ல ஆட்சிக்கு வந்த அரசு இலவசக் கலர் டிவி குடுத்துச்சு, வீட்டுக்கு வீடு டிவி வந்துருச்சு, அன்னைக்கே அவங்கவங்க கதவ அவங்கவங்க சாத்திட்டாங்க. ஜியோ வந்து நெட்டு மலிஞ்சது 2016-ல. நடுவுல 10 வருசம் ஓடிப்போச்சு நடுவர் அய்யா. தெருவப் பிரிச்சதும் டிவிதான், பழிய மட்டும் எங்க செல்போன் மேல போட்டா எப்படி?

இப்ப என்னோட முக்கியமான விசயத்துக்கு வர்றேன். டிவியில நாடகம் ஒரு மணி வச்சிருக்கு. ராத்திரி ஒம்பதுன்னா ஒம்பதுதான். டவுன்ல ஆபீஸ் போயிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புறவங்களுக்கு அது சரியா வரும். நம்ம கடலுக்கு ஒம்பது மணியும் தெரியாது பத்து மணியும் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அமாவாசையும் பௌர்ணமியும்தான். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போற அக்காமாரப் பாருங்க, மாசத்துல 12 நாளுதான் போவாங்க, அமாவாசைய ஒட்டி ஆறு, பௌர்ணமிய ஒட்டி ஆறு. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரலுக்கெல்லாம் துணியச் சுத்தி, கால்ல தகரத்தக் கட்டிக்கிட்டு, மூச்சப் புடிச்சுட்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைன்னு பிச்சு எடுத்துட்டு வர்றவங்க. விடியுமுன்ன வத்தைப் படகுல ஏறணும்னா ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் கண்ண மூடணும், அப்பறம் எங்கிட்டு ஒம்பது மணி நாடகம் பாக்குறது? கோலங்கள் 2003-ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும் 1500 எபிசோடுக்கு மேல ஓடுச்சு, அந்த ஆறு வருசமும் இவங்க அபி கதைய விட்டு விட்டுத்தான் பாத்தாங்க, நடுவுல விட்டத மறுநாள் கரையில யாராவது சொன்னாத்தான் உண்டு, சொல்றவளும் பாதியத் தூங்கிட்டுத்தான் சொல்லுவா.

இன்னைக்கு அதே அக்கா மதியம் கரைக்கு வந்து, எடை போட்டு, குளிச்சு, சோத்தத் தின்னுட்டு, வேப்பமரத்தடியில செவத்துல சாஞ்சு உக்காந்து நேத்து எபிசோடப் பாக்குறாங்க. எழுதப் படிக்கத் தெரியாது. பழைய நாடகம் வேணும்னா யூடியூப்ல அந்த மைக் படத்த அமுக்கி "மெட்டி ஒலி"ன்னு வாயால சொன்னா வந்து நிக்கிது. நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், விரலெல்லாம் உப்புல ஊறி வெளுத்துக் கெடக்கும், தொட்டா ஸ்கிரீன் எடுக்காது, சேலை முந்தானையில ரெண்டு தடவ தொடச்சுட்டு மறுபடி அமுக்குவாங்க. அப்படி வந்த நாடகத்த யாரும் குறுக்க நின்னு மறைக்கிறதில்ல, யாரும் அங்கிட்டு நில்லுன்னு வெரட்டுறதுமில்ல.

அக்கா பேசும்போது, டிவின்னா வீட்ல ஒத்துமை இருந்துச்சுன்னாங்க. அக்கா, ரிமோட்டு யாரு கையில இருந்துச்சு? ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்புடித் தடை, போட்டெல்லாம் கரையில, ஆம்பளைங்க எல்லாம் வீட்ல. அதே நேரத்துலதான் ஐபிஎல்லு. ராத்திரி ஏழரைக்கு மேட்ச் ஆரம்பிச்சா முடிய பதினொன்ற ஆயிரும், அதுவரைக்கும் பொம்பளைக்கு எதிர்நீச்சலும் கிடையாது வேற எந்த நாடகமும் கிடையாது. தொழிலில்லாம உக்காந்திருக்க மனுசன்கிட்ட ரிமோட்டப் புடுங்கவும் மனசு வராது, பாவம், அவருக்கும் அதான் ஒரே போக்கு. இப்ப அவரு டிவியில மேட்ச் பாக்குறாரு, இவங்க அடுப்படியில போனச் சாத்தி வச்சுட்டு நாடகம் பாக்குறாங்க, தடைக்கால சண்டையில பாதி நின்னு போச்சு. ஒத்துமைன்னா இதையும் கணக்குல சேக்கணும்.

கீழக்கரையில ஒரு ராத்தா சொன்னாங்க, அவங்க மச்சான், அதான் வீட்டுக்காரரு, துபாயில இருக்காரு. இங்க ஒம்பது மணின்னா அங்க ஏழரை, கடையில இருந்து வெளிய வந்திருக்கவே மாட்டாரு. ரூமுக்குப் போயி சாப்புடும்போது அவரு அந்த எபிசோடப் பாக்குறது, இவங்க பாத்து முடிச்சிருப்பாங்க, அப்பறம் வீடியோ காலு. பணம் அனுப்புனேன், புள்ள படிக்கிறானா, உம்மாவுக்கு மாத்திரை வாங்குனியா, இதுக்கு மேல பேச்சு ஓடாத ரெண்டு பேரு இப்ப அந்த மருமக செஞ்சது சரியா தப்பான்னு அர மணி நேரம் வாக்குவாதம் பண்றாங்களாம். கல்யாணம் ஆயி இத்தன வருசத்துல அவரு மனசுல என்ன நெனக்கிறாருன்னு இப்பத்தான் தெரியுதுன்னு சொன்னாங்க. இதையெல்லாம் 323 மீட்டர் கோபுரம் குடுத்துருக்குமா அண்ணே?

எதிர்நீச்சல்ல ஆதி குணசேகரனா நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி எறந்தாருல்ல. அன்னைக்குக் கரையில வலை கட்டிட்டு இருந்த ஆம்பளைங்க வேலைய நிப்பாட்டிட்டாங்க. நாடகமே பாக்க மாட்டோம், அது பொம்பளைங்க சமாச்சாரம்னு சொன்னவங்க அவங்க. போன்ல வந்த துண்டு வீடியோவுல அந்த "இந்தாம்மா ஏய்"ய பாத்துப் பாத்து அவர வீட்டாளு மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்க, என் சித்தப்பா கண்ணத் தொடச்சத நானே பாத்தேன். ஆம்பளைங்கள நாடகத்துக்குள்ள கொண்டுவந்ததும் செல்போன்தான்.

பழைய நாடகம்தான் நாடகம்னு அக்கா மர்மதேசத்தச் சொன்னாங்க, விடாது கருப்பு. எனக்கும் உசுரு அது. நாகா எடுத்தது, இந்திரா சௌந்தர்ராஜன் கதை, குதிரச் சத்தம் கேட்டாலே போர்வைக்குள்ள போயிருவோம். ஆனா அது வாரத்துக்கு ஒரு நாளு. அந்த ஒரு நாளு பாத்து கரண்டு போனா போனதுதான், மழ காத்துன்னா நம்ம ஊர்ல கரண்டு எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியும். அந்தக் கருப்பு யாருங்குற முடிச்சு அவுந்த எபிசோட நான் பாக்கல, பள்ளிக்கூடத்துல கூட இருந்தவங்க சொல்லித்தான் தெரியும். வளந்து கல்யாணமாயி எம் மகளோட உக்காந்து போன்ல மொதல்ல இருந்து பாத்தப்பதான் அத முழுசாப் பாத்தேன். நடுவுல அவ ஒண்ணு கேட்டா நிப்பாட்டி வச்சுட்டு பதில் சொன்னேன். டிவி காலத்துல நாடகம் ஓடும்போது புள்ள வாயத் தொறந்தா என்ன சொல்லுவோம்? சும்மா இரு, விளம்பரத்துல சொல்லுன்னுவோம். ஒண்ணா உக்காந்திருந்தோம், சரிதான், ஆனா ஒருத்தர ஒருத்தர் பேசவே விடல.

நியாயத்தையும் சொல்லிர்றேன். 2020-ல ஊரடங்குல சன் டிவி மெட்டி ஒலிய மறுபடி போட்டப்ப வீடே ஒண்ணா உக்காந்து பாத்துச்சு, சிதம்பரம் அய்யாவையும் அஞ்சு மகளையும் எங்க வீட்டுச் சின்னதுக கூட அப்பத்தான் பாத்துச்சுக, அந்த மார்க்க டிவிக்கே குடுத்துர்றேன். புள்ளைங்க விடிய விடிய போனப் பாக்குதுன்னு அக்கா சொன்னதும் உண்மைக் கவலை, எனக்கும் இருக்கு, எங்க வீட்ல ஒம்பதுக்கு மேல போனு என் தலமாட்டுலதான் இருக்கும். அதப் பெத்தவங்கதான் பாத்துக்கணும், நாடகத்து மேலயும் தப்பில்ல, போன் மேலயும் தப்பில்ல.

கடைசியா ஒண்ணே ஒண்ணு நடுவர் அய்யா. இப்ப மணி ஒம்பதரை. நாடகம் ஓடுற நேரம். சித்தி நாடகம் ஓடுன காலத்துல இந்த நேரத்துக்குப் பட்டிமன்றம் வச்சிருந்தா முன்வரிசையில இத்தன பொம்பளைங்க உக்காந்திருப்பாங்களா? விழாக் கமிட்டியில இருந்த பெரியவங்களக் கேளுங்க, நாடகம் முடியட்டும், அப்பறம் நிகழ்ச்சிய ஆரம்பிப்போம்னு காத்துக் கெடந்த கதைய அவங்களே சொல்லுவாங்க. இன்னைக்கு எல்லாரும் வந்து நிம்மதியா உக்காந்திருக்காங்க, நாளைக்குக் கருவாடு காயப்போட்டுட்டு இந்த எபிசோடப் பாத்துக்கலாம்னு அவங்களுக்குத் தெரியும். எந்திரிச்சு ஓடாம இருக்க அந்தப் பொம்பளைங்கள ஒரு தடவ பாத்துட்டு நீங்க தீர்ப்பச் சொல்லுங்க அய்யா. வணக்கம்.