மவுஸ் யார் கையில் இருக்கிறது?

(நூலக வார விழாவில் வாசகர் வட்டத்தினர், நூலகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நூலக வார மேடையில் புத்தகத்தின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதை என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இதே மேடையில் இருக்கிறார்கள். நான் பேச வந்தது நூலகத்தின் மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் கணினியைப் பற்றி.

ஊரில் கணினிச் சேவைக்குப் பஞ்சமில்லை. இ-சேவை மையம் இருக்கிறது, பிரவுசிங் சென்டர் இருக்கிறது, ஜெராக்ஸ் கடையிலேயே எல்லாம் செய்து தருகிறார்கள். சாதிச் சான்றிதழா, தேர்வு விண்ணப்பமா, பணத்தைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு எதற்கு நூலகம்? கடைக்காரர் வேலையை முடித்துத் தருவார். அதைச் செய்யக் கற்றுத் தர மாட்டார். அது அவர் தொழிலும் இல்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, முதன்முதலாக மவுஸைப் பிடிப்பவருக்கு அரை மணி நேரம் விட்டுக் கொடுக்க எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகாது. கட்டணமில்லாமல் உட்கார்ந்து தப்புத் தப்பாகச் செய்து பார்ப்பதற்கு ஊரில் மிச்சமிருக்கும் இடம் நூலகம் ஒன்றுதான்.

அடுத்தவர் கையால் செய்துகொள்வதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தேர்வுக்கு விண்ணப்பிக்க ஒரு பெண் கடைக்குப் போகிறாள். அவளுக்கு மின்னஞ்சல் முகவரி இல்லை. கடைக்காரரே ஒன்றை உருவாக்கி, எல்லோருக்கும் போடும் கடவுச்சொல்லையே அவளுக்கும் போடுகிறார். கணக்கை மீட்கும் எண்ணாகச் சில நேரம் கடை எண்ணையே கொடுத்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும். கடவுச்சொல் நினைவில்லை. புதிது வாங்க அந்த மின்னஞ்சலுக்குள் போக வேண்டும். அதற்கான ஓடிபி கடைக்காரர் போனுக்குப் போகிறது. அவர் எண்ணை மாற்றிவிட்டிருந்தால் அதுவும் போயிற்று. அவள் பெயரில் உள்ள கணக்கின் சாவி அவளிடம் ஒருநாளும் இருந்ததே இல்லை. ஆகவே நூலகத்தின் முதல் பாடம் மின்னஞ்சலாக இருக்கட்டும்: சொந்த எண்ணில், தானே யோசித்த கடவுச்சொல்லில், தன் விரலால் தட்டித் திறந்த ஒரு கணக்கு.

இப்போது வகுப்புக்கு வருவோம். ஒரு கிளை நூலகத்தில் நான்கு கணினிகள் இருக்கின்றன என்றால், ஒரு நேரத்தில் நான்கு பேர் போதும். இருவரை ஒரு கணினியில் உட்கார வைத்தால் விரைவாகக் கற்பவர் மவுஸை எடுத்துக்கொள்வார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். வேறு வழியே இல்லையென்றால் மெதுவாகக் கற்பவர் கையில் மவுஸ் இருக்க வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். சொல்லித் தருபவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டுமே சொல்ல வேண்டும். கேட்க எளிது, கடைப்பிடிப்பது கடினம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை உதவிக்கு அழைத்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே, "குடுங்க பாட்டி, நான் பண்ணித் தரேன்" என்று கை நீளும். பாட்டி விண்ணப்பத்தோடு வீட்டுக்குப் போவார், பாடம் பையனோடு போய்விடும்.

நூலகவியல் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. நாமே செய்து கொடுத்தால் நேரம் மிச்சம்தானே? இன்றைக்கு மிச்சம். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவர் அதே வேலைக்கு நம்மிடமே வந்து காத்திருப்பாரே, அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

பெரியவர்களுக்குக் கணினி வராது என்பது சோம்பேறித்தனமான பேச்சு. பல நேரம் தடையாக இருப்பது இயந்திரத்தின் அமைப்பு. இரட்டைச் சொடுக்கு அவர்களுக்கு மெதுவாகத்தான் வரும். இயந்திரம் அதை இரண்டு தனிச் சொடுக்காக எடுத்துக்கொள்ளும், கோப்பு திறக்காது. மவுஸ் அமைப்பில் இரட்டைச் சொடுக்கு வேகத்தைக் குறையுங்கள். அம்புக்குறியைப் பெரிதாக்குங்கள். திரையின் அளவை 125 அல்லது 150 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். போனிலும் இதே கதை. பயந்து பயந்து அழுத்துகிறவர் விரலை எடுக்கத் தாமதிப்பார். போன் அதை நீண்ட அழுத்தமாக நினைத்து வேறொரு பட்டியலைத் திறக்கும், ஐகான் இடம் மாறும், சில நேரம் காணாமலே போகும். "போன் கெட்டுப்போச்சு" என்று வருகிற புகாரில் பாதி இதுதான். ஆண்ட்ராய்டு போனின் அணுகல் வசதி அமைப்பில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை அடங்கும்.

தமிழில் தட்டெழுதத் தெரியாமல் ஒருவரைக் கணினி கற்றவர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குரலில் சொல்லி எழுத வைக்கலாம்தான். ஆனால் பெயர், முகவரி, ஊர்ப்பெயர் வரும்போது அது தடுமாறும். நாலு பேர் அமர்ந்து படிக்கும் கூடத்தில் சத்தமாகச் சொல்லவும் முடியாது. தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை புதிய விண்டோஸிலேயே இருக்கிறது. அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் மொழி மாறும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே புள்ளி விழுந்துவிடும். ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு, அம்மாவை ஆங்கில ஒலிப்படி எழுதும் முறையைக் கற்பிப்பது அவருக்கு இரண்டு மொழிப் பாடம் நடத்துவதற்குச் சமம்.

இங்கே ஒரு சிக்கல் நிச்சயம் வரும். பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது அது, கோப்பு கெட்டுவிடவில்லை. எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டு ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றினால் சரியாகிவிடும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை 2010-ல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சங்கக் கணக்குகளும் கோயில் பத்திரிகைகளும் இன்னும் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன.

விண்ணப்பப் படிவத்தில் ஆட்கள் சிக்கிக்கொள்ளும் இடம் படத்தின் அளவு. வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையொப்பம் 10 முதல் 20 கேபி என்று கேட்பார்கள். போனில் எடுத்த படமோ மூன்று நான்கு எம்பி. திரும்பத் திரும்ப ஏற்றியும் ஏற்காது, சர்வரைத் திட்டுவார்கள். விண்டோஸில் உள்ள பெயிண்ட் போதும்: படத்தைத் திறந்து, தேவையானதை மட்டும் வெட்டி, அளவை மாற்றும் இடத்தில் பிக்சலைக் குறைத்து, ஜேபிஜி வடிவில் சேமிக்க வேண்டும். அகலம் 200, உயரம் 230 பிக்சல் அளவுக்கு வந்தாலே பெரும்பாலும் வரம்புக்குள் அடங்கும். ஒரே வகுப்பில் முடிகிற பாடம். இதற்கு ஒவ்வொரு முறையும் கடைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நூலகர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. பலர் உட்காரும் கணினியில் மிகப் பெரிய ஆபத்து வைரஸ் அல்ல, பதிவிறக்கக் கோப்புறை. ஒருவர் ஆதாரைப் பதிவிறக்கி அச்செடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்; கோப்பு அங்கேயே கிடக்கும். கடவுச்சொல் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம். குரோமில் விருந்தினர் முறையைத் திறந்து வைத்தால் மூடியதும் வரலாறும் உள்நுழைவும் அழியும், ஆனால் பதிவிறக்கிய கோப்பு அழியாது. அதைத் தனியாக நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும் மென்பொருளை நிறுவிவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஒருவர் எழுந்ததும் ஒருமுறை மறுதொடக்கம் செய்தாலே போதும். தப்பாக அச்சான ஆதார் நகலைக் கிழிக்காமல் குறிப்புத்தாளாக வெட்டி வைக்கும் சிக்கனப் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

வாசகரின் ஓடிபியை நூலகர் கேட்கவே கூடாது. அவருக்காக வங்கிப் பரிமாற்றம் எதையும் செய்யவும் கூடாது. நல்ல மனத்தோடு செய்திருந்தாலும், பின்னால் பணம் போனால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான்.

பண மோசடிப் பாடத்தைப் பயமுறுத்தும் பாடமாக நடத்தினால் ஆட்கள் பட்டன் போனுக்குத் திரும்பிவிடுவார்கள். செய்து காட்டுங்கள். வகுப்பில் இருவர் ஒருவருக்கொருவர் யுபிஐயில் ஒரு ரூபாய் அனுப்பட்டும். அனுப்பியவர் பின் எண்ணைப் போட்டார். பெற்றவர் எதையும் போடவில்லை. பணம் வாங்குவதற்குப் பின் எண் வேண்டியதில்லை என்பது கண்ணெதிரே விளங்கிவிடும். அதன்பின், "பணம் அனுப்பியிருக்கேன், க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று எவன் அழைத்தாலும் அவர் சிரிப்பார். வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகையையும் இப்படியே காட்டலாம். படம் என்றால் பெயரின் கடைசியில் ஜேபிஜி இருக்கும், ஆவணம் என்றால் பிடிஎஃப். ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஒரு செயலி. அதைத் திறந்து அனுமதி கொடுத்துவிட்டால் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை எவனுக்கோ அனுப்பும். போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டுவார்களே, அந்த டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு. கையில் பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண், தொகை, நேரம் மூன்றும் இருக்கட்டும். அந்தக் குறிப்பு எண் தன் செயலியில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் வகுப்பிலேயே தேடி எடுக்க வையுங்கள்.

பார்வையற்றவர்களை எல்லாத் திட்டங்களும் கடைசியில்தான் நினைக்கும். திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழையும் படிக்கும். வேண்டியது ஒரு ஹெட்போன் மட்டும். ஆண்ட்ராய்டு போனில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் உள்ளேயே இருக்கிறது. அதைத் தெரியாமல் இயக்கிவிட்டு அணைக்கத் தெரியாமல் தவிப்பவர்களும் வருவார்கள். பெரும்பாலான போன்களில் ஒலி கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் அது நின்றுவிடும்.

இதற்கெல்லாம் அரசுத் திட்டம் இல்லையா? இருந்தது. பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2017-ல் வந்தது. ஆறு கோடிக் குடும்பங்கள் இலக்கு, வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரப் பயிற்சி, வயது 14 முதல் 60 வரை. அந்த அறுபதைக் கவனியுங்கள். ஓய்வூதியக்காரரும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியே வாழும் தாயாரும், மோசடிக்காரன் முதலில் அழைக்கும் ஆட்களும் அறுபதுக்கு மேலேதான் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் என்றால் அந்த ஒருவர் யாராக இருப்பார் என்பதும் நமக்குத் தெரியாததா? நூலக வாசலில் வயது கேட்பதில்லை. கேரளத்தில் புல்லம்பாறை ஊராட்சி 2022-ல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது, 2025-ல் மாநிலமே அவ்வாறு அறிவித்துக்கொண்டது. அங்கே தன்னார்வலர்கள் வீடு வீடாகவும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் போனார்கள். வகுப்புக்கு ஆள் வரவில்லை என்று குறைபடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நம்முடைய நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஊரில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கணினிக்குப் பங்குதாரர். கணினி வாங்க நிதி கிடைத்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும். மூன்றாம் ஆண்டு யுபிஎஸ் பேட்டரி படுத்துவிட்டால் மாற்ற ஆளில்லை, இணையக் கட்டணம் ஒரு மாதம் தவறினால் இணைப்பு போகும், அத்தோடு துணி மேலே ஏறிவிடும். வாசகர் வட்டத்தினர் புதிதாக ஒரு கணினியை நன்கொடை தருவதைவிட, இருக்கும் கணினிக்கு பேட்டரியும் டோனரும் வாங்கித் தருவது மேல். பெயர்ப் பலகை வைக்க அதில் இடமிருக்காது, அவ்வளவுதான்.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பை அன்றைக்கு வைக்கலாம்.

இந்த வாரத்திலேயே தொடங்க ஒரு வேலை இருக்கிறது. நவம்பர் என்றால் மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் வாழ்நாள் சான்று தர வேண்டிய மாதம். முகத்தைக் காட்டியே அதைப் போனில் கொடுத்துவிடலாம். ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு செயலிகள் வேண்டும். முதலில் போனை இயக்குபவர் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். அவரே ஓய்வூதியக்காரராகவும் இருக்கலாம், அப்படி இருப்பதுதான் நல்லது. அடுத்து ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஓய்வூதிய வகை ஆகியவற்றைத் தட்டி, முகத்தைக் காட்டிக் கண் சிமிட்ட வேண்டும். பல பேருக்கு இந்தக் கடைசிக் கட்டத்தில் தோற்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு போகும், ஆகவே வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். பின்னால் இன்னொரு முகம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆணை எண்ணை மனப்பாடமாகச் சொல்லித் தவறாக இடுவதும் அடிக்கடி நடப்பது. அதனால் ஓய்வூதிய ஆணைப் புத்தகம், வங்கிப் புத்தகம், ஆதாரோடு இணைத்த எண் உள்ள போன் ஆகிய மூன்றையும் எடுத்துவரச் சொல்லி நாளைக் காலையிலேயே அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.