போறணைச் சூடும் காணி உறுதியும்

அவைத்தலைவர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, அதிபர் அவர்களே, கோயில் பரிபாலன சபையினரே, பொன்னாடைகளோடு கால்கடுக்க நிற்கும் இளைஞர் மன்றத் தம்பிமாரே, அனைவருக்கும் வணக்கம். தவிசாளர் ஐயாவுக்கு ஹட்டனில் இன்னொரு கூட்டமாம். அவர் எழும்புமுன் விடயத்துக்கு வருகிறேன்.

நெருக்கடியில் நம் குடும்ப விடுதிகளைத் தாங்கியவை மூன்று: சொந்தம், கடைக்காரரின் கடன் கொப்பி, தோட்டத்து அயல். முதலில் சொந்தம். குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை!

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, உல்லாசப் பயணிகள் வரும் நுவரெலியா சீசனிலேயே விழுந்தது. மறு ஆண்டு சீசனுக்கு முன்பே கொரோனா ஊரடங்கு. 2022இல் ஆள் வந்தாலும் சமைக்கக் கேஸ் இல்லை.

பண்டாரவளைப் பக்கம் நான்கு அறை விடுதி ஒன்று. முதலாளிக்கும் மச்சானுக்கும் மதில் தகராறு, பேச்சே இல்லை. மச்சானிடம் விறகுப் போறணை, அதுதான் பாண் சுடும் செங்கல் அடுப்பு, இருந்தது. மச்சானின் அக்காதான் போய்க் கேட்டார். காலையில் பாண் இறக்கிய பிறகும் செங்கல் சூடு மதியம்வரை நிற்கும். அதில் கறிச்சட்டிகளை வைப்பதுதான் யோசனை. முதல்நாள் எல்லாம் பிழையாய்ப் போனது. பாண் எடுத்த கையோடு வைத்ததால் அடி கருகியது. மூடி இடுக்கால் ஆவி போய்க் குழம்பு வற்றியது. அடுத்தநாள் கதவை அரை மணி திறந்து வைத்து, மூடி விளிம்பைக் கோதுமை மாப் பசையால் அடைத்தார்கள். பருப்பு ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று. மிலாறு என்கிற மெல்லிய சுள்ளி விறகு மளமளவென எரிந்து அடங்கும், கல்லில் சூடு ஏறாது. நன்றாகக் காய்ந்த தடித்த யூக்கலிப்டஸ் கட்டைதான் சரி. ஈரக்கட்டை போட்டால் பாணிலும் புகை நாறும். கேஸ் திரும்பிய பிறகும் விருந்தினர் 'போறணைக் கறி' கேட்கிறார்களாம்! மதில் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை.

ஆனால் கவனியுங்கள்: மச்சானின் போறணை நிற்பது உறுதி, அதாவது சொந்தப் பத்திரம், உள்ள காணியில். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் நம் பிள்ளை ஓர் அறையை விருந்தினருக்கு விட நினைத்தால்? வங்கியும் பத்திரம் கேட்கும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவுக்கும் பத்திரம் வேண்டும். தோட்டக் குடும்பத்துக்குக் காணி 7 பேர்ச்சஸ் என்றது அரசாங்கம், பிறகு 10 என்றது. மலையகத் தமிழராகிய நாம் 1823இல் வந்தோம், 2023இல் இருநூறு ஆண்டு விழாவும் எடுத்தோம், உறுதி எங்கே? குற்றம் பார்க்கக் கூடாது என்பது சுற்றத்துக்குத்தான், திணைக்களத்துக்கு அல்ல.

கொப்பியும் அயலும் அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். காணி உறுதி கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், தோட்டப் பிரிவு, லய இலக்கம் மூன்றையும் விடாமல் எழுதுங்கள். தவிசாளர் ஐயா, ஹட்டனுக்குப் போகுமுன் முதல் கையெழுத்தைத் தாங்கள் வைக்க வேண்டும். தம்பி, பேனையைக் கொண்டு வா.