சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

(மும்பை மாதுங்காவில் தமிழர் கூட்டம் ஒன்றில் மருந்தாளுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். சயான், செம்பூர் என்று எங்கெங்கிருந்தோ ரயில் பிடித்து வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்: வைட்டமின் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா, பின் போடுவதா, கடையில் விற்கும் 'நானோ எமல்ஷன்' வகை வேண்டுமா என்பதுதான்.

ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் தண்ணீரில் கரையாதவை. குடலிலோ எல்லாம் நீர்மயம். கொழுப்போடு சாப்பிட்டால் பித்தநீர் வந்து எண்ணெயைத் துளிகளாக உடைக்கும். கணைய நொதி அதைச் செரிக்கும். அதில் பிறக்கும் கொழுப்பு அமிலமும் பித்த உப்பும் சேர்ந்து மிசெல் என்ற நுண்பொதியாகின்றன. அதில் ஏறிக்கொண்டுதான் வைட்டமின் குடல் சுவரை அடைகிறது. வெறும் வயிற்றில் கறுப்புக் காப்பியோடு டி மாத்திரை போடுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

நானோ எமல்ஷன் என்பது அந்த உடைக்கும் வேலையை ஆலையிலேயே முடித்துவிடுவது. எண்ணெய், தண்ணீர், இரண்டையும் சேர்த்துவைக்க லெசித்தின் போன்ற ஒரு பொருள். இவற்றைக் கடும் அழுத்தத்தில் குறுகிய இடுக்கு வழியே தள்ளுவார்கள். துளிகள் 200 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே போய்விடும். விட்டம் பத்தில் ஒன்றானால், அதே எண்ணெய்க்கு மேற்பரப்பு பத்து மடங்கு. நொதிக்கு வேலை சுளுவு. வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி3-ஐ இப்படித் திரவமாக்கி விற்கும் 'நானோ ஷாட்' வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் வெள்ளையாகத் தெரிவது அதன் கொழுப்புத் துளிகளும் புரதமும் ஒளியைச் சிதறடிப்பதால். துளி 50 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்தால் திரவம் கிட்டத்தட்டத் தெளிந்துவிடும்.

ஆனால் துளி சிறுத்தால் மட்டும் போதாது, எண்ணெயும் சரியாக அமைய வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் செரிக்காது; அதிலிருந்து மிசெல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் கேரட் நிறமியான பீட்டா கரோட்டினை வைத்துச் செய்த ஆய்வகச் சோதனைகளில், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைவிட (கொழுப்பு அமிலங்களின் கரிமச் சங்கிலி குட்டையாக இருப்பது) சோள எண்ணெய் போன்ற நீண்ட சங்கிலிக் கொழுப்பே முந்தியது. இத்தனைக்கும் சீக்கிரம் செரிப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புதான்! அது கட்டும் மிசெல்லில் பீட்டா கரோட்டினின் நீள மூலக்கூறுக்கு இடம் போதவில்லை.

சரி, இந்த நானோ எமல்ஷன் யாருக்கு? பித்தநாளம் அடைத்தவர், கணையம் பழுதானவர், எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர் போன்றோருக்கு உதவலாம். மற்றவர்கள் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. சாதாரண கேப்ஸ்யூலை மதியச் சாப்பாட்டோடு போடுங்கள். பருப்பில் விட்ட நெய்யே பித்தநீரை வரவழைத்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். 60,000 யூனிட் டி3 பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை என்றுதான் எழுதித் தருவார்கள். தினமும் எடுத்தால், மிஞ்சியது சிறுநீரில் போகாது; உடம்புக் கொழுப்பில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், சிறுநீரகக் கோளாறு என்று இழுத்துவிடும்.

இனி நீங்கள் கேளுங்கள். முன்வரிசையில் சிலர் மருந்துச் சீட்டோடு வந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது.