கேட்டுவிட்டு மேற்கோள் காட்டு: மாஸ்டடானில் என்ன மாறுகிறது?

[திரையில்: ஒரு பதிவின் கீழே பூஸ்ட் பொத்தான். விரல் பட்டதும் இரண்டு தேர்வுகள் விரிகின்றன.]

இந்தப் பொத்தானைக் கொஞ்சம் பாருங்கள். ட்விட்டர் மாதிரியே சின்னச் சின்னப் பதிவுகள் போடும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் முன்பெல்லாம் இதை அழுத்தினால் ஒரே ஒரு காரியம்தான் நடக்கும். அடுத்தவர் எழுதியது அப்படியே உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் போகும். கூடவே உங்கள் கருத்தையும் வைத்து அனுப்ப வழி கிடையாது. மேற்கோள் காட்டும் அந்த வழி 2025 நவம்பரில் வந்த 4.5 பதிப்பில்தான் கிடைத்தது. ட்விட்டரில் 2015லேயே வந்துவிட்ட வசதி இது!

மறந்துபோய் விட்டதில்லை. 2016இல் மாஸ்டடானைத் தொடங்கிய ஆய்கன் ராக்கோ, வேண்டுமென்றேதான் இதை வைக்கவில்லை. மேற்கோள் வசதி வந்தால் கூடவே நச்சும் வரும் என்பது அவர் கணக்கு. ட்விட்டரில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு இது புரியும். இருபது பேர் படிக்கும் ஒரு கணக்கில் யாரோ ஏதோ எழுதியிருப்பார். லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் அதை எடுத்து, மேலே ஒரு வரி நக்கல் எழுதிப் போடுவார். அவ்வளவுதான், அன்று சாயங்காலத்துக்குள் ஊரே வாசலில் நிற்கும்.

சரி, வசதி இல்லாததால் கலாய்ப்பது நின்றதா? ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார்கள். இன்னொரு பக்கம், நல்ல கட்டுரையை நாலு வார்த்தை சொல்லி அறிமுகப்படுத்த நினைத்தவர்கள்தான் கை கட்டப்பட்டு நின்றார்கள். 2023இல் ராக்கோவே இறங்கிவந்தார். 2025 பிப்ரவரியில் திட்டம் விவரமாக வெளியானது.

[திரையில்: பதிவு எழுதும் பெட்டி. "யார் மேற்கோள் காட்டலாம்?" என்ற தேர்வு.]

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் ஒரு பதிவு எழுதும்போதே, இதை யார் மேற்கோள் காட்டலாம் என்று சொல்லிவிடலாம். எல்லோருமா, உங்களைப் பின்தொடர்பவர்கள் மட்டுமா, யாருமே வேண்டாமா? பதிவிட்ட பிறகும் மாற்றிக்கொள்ளலாம். யாராவது மேற்கோள் காட்டினால் உங்களுக்குத் தகவல் வரும். பிடிக்கவில்லையா? அவருடைய பதிவிலிருந்து உங்கள் பதிவை உருவிக்கொள்ளலாம். அவர் எழுதிய நக்கல் வரி அப்படியே நிற்கும், ஆனால் அதற்குக் கீழே உங்கள் பதிவு இருக்காது.

கேட்க எளிமையாக இருக்கிறது. செய்யத்தான் கஷ்டம். ஏனென்றால் மாஸ்டடான் ஒரே கம்பெனியின் ஒரே கணினியில் ஓடுவதில்லை. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆட்கள் கையில். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

[திரையில்: மூன்று வீடுகள். முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்கு ஒரு சீட்டு போகிறது.]

கமலா ஒரு சர்வரில் இருக்கிறார், ரவி வேறொன்றில் என்று வைத்துக்கொள்வோம். ரவியின் பதிவைக் கமலா மேற்கோள் காட்டுகிறார். உடனே கமலாவின் சர்வர், ரவியின் சர்வரிடம் "எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறது. ரவி வைத்த விதியைப் பார்த்து, சரியென்றால் அந்தச் சர்வர் ஓர் அனுமதிச் சீட்டு தருகிறது. சீட்டின் முகவரி கமலாவின் பதிவோடு சேர்ந்தே பயணிக்கும். மூன்றாவது சர்வரில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பதிவைக் காட்டுவதற்கு முன், அவருடைய சர்வர் ரவியின் சர்வரிடம் போய்ச் சீட்டு உண்மைதானா என்று பார்த்துக்கொள்ளும். ரவி மனம் மாறினால் சீட்டைக் கிழித்துவிடலாம். அந்தச் சேதி மற்ற சர்வர்களுக்குப் போக, அவை மேற்கோளை மறைத்துவிடும்.

கல்யாண வீட்டில் போட்டோ எடுத்துவிட்டு, "ஸ்டேட்டஸ்ல போடட்டுமா?" என்று கேட்பதுபோலத்தான். கேட்கிற ஆள் குறைவு என்பது வேறு விஷயம்.

ஓட்டை இல்லாமல் இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை எந்தச் சீட்டும் தடுக்காது. இந்த முறையைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் மேற்கோளுக்குப் பதில் வெறும் சுட்டிதான் தெரியும். ஆனாலும் திட்டமிட்டு வருகிற ஆளை விட, பொழுதுபோகாமல் ஒரு தட்டு தட்டுகிற ஆட்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இந்தத் தடை போதும்.

[திரையில்: ஒரு பதிவு, கீழே மூன்று பதில்கள். திரை புதுப்பித்ததும் பதினொன்று.]

அதே 4.5இல் சத்தமில்லாமல் வந்த இன்னொன்று, எனக்கு இதைவிடப் பிடித்தது. முன்பு வேறு சர்வரில் இருக்கும் பதிவைத் திறந்தால், உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த பதில்கள் மட்டுமே தெரியும். பதினொரு பேர் சொல்லியிருப்பார்கள், உங்களுக்கு மூன்று. ஏற்கெனவே ஒருவர் சொன்ன பதிலையே நீங்களும் போய்ச் சொல்லுவீர்கள். எழுதியவருக்கு ஒரே விளக்கம் எட்டு முறை வரும்! இப்போது பதிவைத் திறந்ததும் விடுபட்ட பதில்களைச் சர்வரே தேடி எடுத்து வருகிறது.

அப்புறம், 4.5க்குப் பிறகு கைவைத்தது தொகுப்புகளில். புதிதாக வருபவருக்கு "இவர்களைப் பின்தொடருங்கள்" என்று பத்துப் பேரைக் கட்டாகக் கொடுக்கும் வசதி. ட்விட்டர் மாதிரியான இன்னொரு தளமான ப்ளூஸ்கை 2024இலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. மாஸ்டடானின் திட்டத்தில், தொகுப்பில் சேர்க்கப்பட்டவர் தன் பெயரை எடுத்துவிடலாம்.

[திரையில்: பத்து முகங்கள் கொண்ட ஒரு பட்டியல். ஒரு முகம் மெல்ல மறைகிறது.]