காலையில் அடிக்கும் முதல் கிக்

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் சிலிண்டருக்கு போர் போடுவதுதான், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உள் துளையைக் கடைந்து பெரிதாக்குவதுதான் என் தொழில். மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். பெரும்பாலும் வண்டியை நான் பார்ப்பதில்லை. அதன் தேய்மானம்தான் என் மேஜைக்கு வரும்.

அப்படி வருகிறவற்றில் பல, கைமாறி ஒரு மாதம்கூட ஆகாத வண்டிகளுடையவை. அதனால்தான் இதைப் பேச வந்தேன். பழைய வண்டி பார்க்கப் போகிறீர்களா? ராத்திரி முழுக்க நின்று இன்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். காலையில் அடிக்கும் முதல் கிக்கை நீங்களே அடியுங்கள்.

ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். யமஹா ஆர்.எக்ஸ். 100 என்றால் அவனுக்கு உயிர். அவனை மட்டும் சொல்வானேன், நம் ஊரில் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு. 98 சிசி இன்ஜின், 11 குதிரைத் திறன், வண்டியின் எடையோ நூறு கிலோவை ஒட்டித்தான். அதனால்தான் அந்தப் பாய்ச்சல். 1985-இல் வந்தது, 1996-இல் நின்றது. அப்படியென்றால் கடைசியாக வந்த வண்டிக்கே இன்று என்ன வயது என்று எண்ணிப் பாருங்கள். தம்பி பார்த்தது புது பெயின்ட் அடித்த டேங்க்கையும் பளபளவென்ற சைலன்சரையும். போனது சாயங்காலம். விற்றவர் வண்டியை ஓட்டிக்கொண்டே வந்து அவன் முன்னால் நிறுத்தியிருக்கிறார். ஒரே கிக்கில் ஸ்டார்ட். பணத்தைக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் பத்துப் பதினைந்து கிக். ஸ்டார்ட் ஆனதும் தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை. மெக்கானிக் கியர் பெட்டி ஆயிலை இறக்கிப் பார்த்தால், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஆயில் எங்கே போனது? டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சுழலும் அறைக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் ஒரு ரப்பர் சீல் உண்டு. அது வயதாகி இறுகிவிட்டால், இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துப் புகையாக விடும். சீலின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும். அதை மாற்ற இன்ஜினைத் திறக்கும் வேலைதான் பெரிது.

திறந்ததும் மற்றதும் தெரிந்தது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடும், அது இருக்க வேண்டியதுதான். மேலும் கீழுமாக இழுத்தால் துளியும் ஆடக் கூடாது. இது டொக் டொக்கென்று தட்டியது. சிலிண்டர் என்னிடம் வந்தது. சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களில் மேலே உள்ள ரிங் ஏறிவந்து திரும்புகிற இடத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழேதான் அதிகம் தேயும். அங்கே எரியும் வாயுவின் அழுத்தம் அதிகம், ஆயிலும் நிற்காது. விரல் நகத்தை உள்ளே விட்டுக் கீழிருந்து மேலே இழுத்தேன். படியில் இடிப்பது போல் நகம் தட்டி நின்றது. அந்தத் தம்பியின் நகத்தையும் வைக்கச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை அவன். பிஸ்டன் தலையில் 1.00 என்று அச்சு. அசல் போர் 50 மில்லிமீட்டர். தேயத் தேய அதை 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு படியாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனைப் போட்டுக்கொண்டே போவோம். இவன் வண்டி கடைசிப் படியையும் தாண்டிவிட்டது. இனி சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உருளையை இறக்க வேண்டியதுதான்.

ஆகவே விற்பவரிடம் “எத்தனையாவது போரில் ஓடுது?” என்று கேளுங்கள். “இன்ஜின் பிரிக்காத வண்டி” என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். போனவுடன் இன்ஜின்மேல் கை வையுங்கள். சுட்டால், “அண்ணா, நாளைக்குக் காலையில் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். சூடான இன்ஜின் பாதிக் குறையை மறைத்துவிடும்.

ஆறியிருந்தால், சாவி போடாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் இறுகும். அங்கே கொஞ்சம் எதிர்த்து நின்ற பிறகுதான் இறங்க வேண்டும். எங்குமே இறுகாமல் வழுக்கிக்கொண்டு போனால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி காலையில் கொஞ்சம் நீலமாகப் புகைவது இயல்பு. சூடேற ஏறக் குறைய வேண்டும். ஸ்ப்ளெண்டர் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் புகையே ஆகாது. ஸ்டார்ட் செய்தவுடன் ஒருமுறை நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், அது சிறிய செலவு. முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங், போர். அது என் பட்டறைக்கு வரும் வேலை.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டால் மீட்டர் நின்றுவிடும், வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் பிரேக் மிதியையும் பாருங்கள். மிதி வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் இருபதாயிரம் என்றால் நான் மிதியைத்தான் நம்புவேன்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் கழுத்து பேரிங், போய்விட்டது. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால், அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருப்பது தெரியும். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரத்தின்) கடைசியில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லை விட்டு எழும்பி, பாதிப் பல் தெரிந்தால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வண்டியை ஓட்டிப் பார்ப்பது பற்றியும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடியப் போகிறதாம். காகிதத்தையாவது சொல்லிவிடுகிறேன். ஆர்.எக்ஸ். வண்டிகளில் இன்ஜின் மாற்றியவை நிறைய. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஹேண்டில் கழுத்தைத் துடைத்து, சேசிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் நம்பரையும் அப்படியே. 15 வருடம் தாண்டிய வண்டி என்றால், பதிவைப் புதுப்பித்த தேதியைப் பாருங்கள்; புதுப்பித்தால் 5 வருடம்தான் செல்லும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அதை நீக்கிய பிறகு பேசுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் விற்பவர் உங்கள் கண்முன்னால் கையெழுத்துப் போட்ட பிறகு பணத்தை எண்ணுங்கள். அதுவும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது. வணக்கம்.