ரசிகன் எங்கும் போகவில்லை

நடுவர் அவர்களே, எங்கள் அணித்தலைவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, வேலை முடிந்த கையோடு இந்தச் சனசமூக நிலைய முற்றத்துக்கு வந்து இருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கிரிக்கெட்டில் இருந்த ஆர்வம் நம் மக்களிடம் குறைந்துகொண்டு வருகிறது. அதற்குக் காரணம் ரசிகர்களின் மனமாற்றமா, ஆட்டத்தை நடத்துவோரின் போக்கா? இதுதான் இன்றைய தலைப்பு. ஆட்டத்தை நடத்துவோரின் போக்குத்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் எதிரணித் தம்பி பேசினார். கைபேசி வந்துவிட்டது, அரை நிமிடத்துக்கு மேல் எதையும் இருந்து பார்க்க ஆட்களுக்குப் பொறுமை இல்லை, இதற்குள் ஐந்து நாள் ஆட்டத்தை யார் பார்ப்பது என்று கேட்டார். சபையில் கைதட்டலும் கிடைத்தது. தம்பி, நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில் நடப்பது என்ன?

1904 இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர். சென்ற் ஜோன்ஸ் கல்லூரி ஒரு பக்கம், சென்றல் என்கிற மத்திய கல்லூரி மறுபக்கம். ஆடுகிறவர்கள் பள்ளிக்கூடப் பொடியள். ஒரு பிடி தவறும், ஒரு ஓவரில் நான்கு பந்து லெக் பக்கம் போகும். ஆனாலும் அந்த மார்ச் வெயிலில் மூன்று நாளும் சனம் வருகிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து லீவு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு அணி தோல்வியைத் தவிர்க்கப் போராடும்போது பாருங்கள். கடைசி ஆட்டக்காரன் பந்தை மட்டையால் மறித்துக் காலடியில் போடுகிறான். ஒரு ஓட்டமும் இல்லை. மறித்ததற்கே மைதானத்தில் பாதி எழுந்து நின்று கத்துகிறது. கத்துகிறவர்கள் யார்? நீங்கள் பொறுமை இல்லை என்று சொன்னீர்களே, அதே பதினாறு வயதுப் பிள்ளைகள். கைபேசி அவர்களுடைய பொக்கெட்டில்தான் இருக்கிறது.

வெளிநாட்டுக் கணக்கும் வேண்டுமா? 2025 ஓகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் ஐந்தாவது டெஸ்டின் ஐந்தாம் நாள். அன்று காலையில் ஆடுவதற்கு இருந்தது ஒரு மணித்தியால ஆட்டம்தான். அதற்கு மைதானம் நிறைந்தது. தோள்பட்டை காயப்பட்ட இங்கிலாந்தின் கிறிஸ் வோக்ஸ் இடக்கையைத் தூளியில் கட்டிக்கொண்டு துடுப்புடன் இறங்கி வந்தார். சிராஜ் கடைசி விக்கெட்டை எடுக்க, இந்தியா 6 ஓட்டங்களால் வென்றது. தொடர் 2க்கு 2. இதைப் பார்த்த எந்தப் பிள்ளையாவது கைபேசியில் வேறு பக்கம் தட்டியிருக்குமா?

நடுவர் அவர்களே, ஒரு ஆட்டம் மனதில் ஒட்டுவதற்கு இரண்டு விடயம் வேண்டும். அது அடிக்கடி வரக்கூடாது. அதில் தோற்றால் யாருக்காவது நோக வேண்டும். பெருஞ்சமரில் தோற்ற பிள்ளை ஒரு வருடம் அந்தத் தோல்வியோடு திரிகிறான். சில பேர் ஐம்பது வயதிலும் அதைக் கதைக்கிறார்கள். சர்வதேசக் கிரிக்கெட்டை நடத்துகிறவர்கள் அழித்தது இந்த இரண்டையும்தான்.

எங்கள் ஊர்க் கழகத்துக்குப் பல காலமாக ஸ்கோர் எழுதுகிறவன் நான். ஓட்டம் கிடைக்காத பந்துக்குப் புத்தகத்தில் ஒரு புள்ளி வைப்போம். ஆறு பந்தும் அப்படிப் போனால் ஆறு புள்ளியையும் கோடு இழுத்துச் சேர்த்து ஆங்கில எம் எழுத்தாக்குவோம். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்தால் கோட்டைத் திருப்பி டபிள்யூ ஆக்குவோம். பந்து போட்ட பொடியன் எல்லைக்கோட்டுக்குப் போகிற வழியில் எங்கள் மேசைப் பக்கம் வந்து, “அண்ணை, மெய்டனோ?” என்று கேட்பான். தலையாட்டினால் போதும், அவனுக்கு அரைச்சதம் அடித்த சந்தோசம்.

இனி இந்தியாவின் 20 ஓவர் லீக்கான ஐபிஎல்லை, 2024 இல் நடந்ததைப் பாருங்கள். ஹைதராபாத் 20 ஓவரில் 287. கொல்கத்தா 261 எடுக்க, பஞ்சாப் அதை 8 பந்து மிச்சம் வைத்துத் தாண்டியது. அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் 42 சிக்ஸர்கள். ஆடுகளத்தைத் தார் வீதி மாதிரிப் போட்டு, எல்லைக்கயிற்றை உள்ளே இழுத்து, 2023 இல் இருந்து மேலதிகமாக ஒரு துடுப்பாட்டக்காரனை இறக்கவும் விட்டால் வேறு என்ன நடக்கும்? பந்துவீசுகிறவனுக்கு அங்கே வேலையே இல்லை. 42 சிக்ஸரில் ஒன்றை, யார் பந்தில் யார் அடித்தார் என்று இந்தச் சபையில் ஒருவர் சொல்லட்டும். சொல்ல முடியாதது உங்கள் நினைவாற்றலின் குறை இல்லை. மனதில் தங்குகிற மாதிரி அது நடக்கவில்லை.

ஒருநாள் போட்டியிலும் இதே கைதான் வேலை செய்தது. 2011 முதல் இரண்டு முனைக்கும் இரண்டு புதிய பந்து. பந்து பழசாகாது, பழசாகாத பந்து ரிவேர்ஸ் ஸ்விங் ஆகாது, அதாவது வழமைக்கு எதிர்ப்பக்கம் வளையாது, சுழல்பந்துக்காரனுக்கும் பிடிமானம் குறைவு. 2025 நடுவில் அதைத் திருத்தி, 34 ஓவருக்குப் பிறகு ஒரு பந்துதான் என்று கொண்டுவந்தார்கள். சரி, நல்லது. ஆனால் பதின்மூன்று பதினான்கு வருடமாக, சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தைப் பழகுகிற வயதில், அவர்களுக்கு அரைவாசி ஆட்டத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது டேர்பனுக்கு வாருங்கள். 2019 பெப்ரவரி, ஒரு சனிக்கிழமை, ஒரு டெஸ்ட். தென்னாபிரிக்கா வைத்த இலக்கு 304. இலங்கையின் ஒன்பதாவது விக்கெட் விழும்போது இன்னும் 78 ஓட்டம் வேண்டும். நிற்பது குசல் பெரேரா, கூட வந்திருப்பது கடைசி ஆட்டக்காரன், பந்துவீச்சாளர் விஷ்வ பெர்னாண்டோ. எதிரே வேகப்பந்துக்காரர் ஸ்டெயின், ரபாடா. விஷ்வ 27 பந்தைச் சந்தித்தார். எடுத்தது 6 ஓட்டம். அந்த 27 பந்தில் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ரீவிக்கு முன்னால் கை பிசைந்துகொண்டு நின்றோம். குசல் ஆட்டமிழக்காமல் 153. ஒரு விக்கெட்டால் வெற்றி. அந்தத் தொடரை இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்று, தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடர் வென்ற முதல் ஆசிய அணியானது இலங்கை. விஷ்வ எடுத்த அந்த 6 ஓட்டத்தை எனக்கு இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஹைதராபாத்தின் 287 ஐ நான் எழுதி வைத்துக்கொண்டு வந்துதான் உங்களுக்குச் சொன்னேன்.

இப்படி ஒரு ஆட்டத்தைத் தந்த அணிக்கு என்ன கிடைத்தது? 2025 ஆம் ஆண்டு முழுவதும் 4 டெஸ்ட். இரண்டு அவுஸ்திரேலியாவோடு, இரண்டு பங்களாதேசோடு. முத்தையா முரளிதரன் 800 விக்கெட்டை 133 டெஸ்டில் எடுத்தார், 1992 முதல் 2010 வரை. இன்றைக்கு எங்கேயோ ஒரு ஊரில் அவரைப் போல ஒரு பிள்ளை இருந்தால், வருடத்துக்கு 4 என்ற கணக்கில் 133 டெஸ்ட் ஆட 33 வருடம் வேண்டும். இருபது வயதில் அணிக்குள் வந்தாலும் முடிக்கும்போது ஐம்பத்து மூன்று. அதாவது இனி ஒரு முரளி வரமாட்டார். வந்தாலும் 800 க்கு அவரை விடமாட்டார்கள். ரசிகன் தொடர்ந்து பின்னால் போவதற்கு ஒரு ஆள் வேண்டும், வருடக்கணக்கில். அந்த ஆளையே அட்டவணையில் இருந்து வெட்டிவிட்டு, ரசிகன் வரவில்லை என்றால் எப்படி?

எதிரணியில் பேசிய தங்கச்சி மைதானங்கள் நிறைந்து வழிகின்றனவே என்றார். 2023 முதல் ஐந்து வருடத்துக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி இந்திய ரூபாய்க்கு விற்கப்பட்டதையும் சொன்னார். இரண்டும் உண்மைதான். நான் மறுக்கவில்லை. அந்தப் பணத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கரையேறியிருக்கிறார்கள், அதற்கும் சந்தோசம். ஆனால் தங்கச்சி, அந்தப் பணம் மற்ற இடத்தில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

2024 தொடக்கத்தில் தென்னாபிரிக்கா நியூசிலாந்துக்கு ஒரு டெஸ்ட் அணியை அனுப்பியது. பதினான்கு பேரில் ஏழு பேர் அதுவரை ஒரு டெஸ்டும் ஆடாதவர்கள். தலைவர் நீல் பிராண்டும் அதில் ஒருவர். முதல் டெஸ்டிலேயே தலைவர்! முன்னணி ஆட்டக்காரர் எல்லோரும் உள்நாட்டு ரி20 லீக்கில் நிற்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. நியூசிலாந்து தொடரை வென்றது. தென்னாபிரிக்காவை அவர்கள் டெஸ்ட் தொடரில் வென்றது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. தொண்ணூறு வருடத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த வெற்றி. அதை ஒரு நியூசிலாந்து ரசிகன் வாய்விட்டுக் கொண்டாட முடியுமா? அவனுடைய சந்தோசத்தை எடுத்தது கைபேசியா?

அதற்குச் சில நாள் முன்னர்தான் பிரிஸ்பேனில் ஷமார் ஜோசப் என்ற கயானாக் கிராமத்துப் பிள்ளை, காலில் அடிபட்ட நிலையில் வந்து 68 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுத்தார். மேற்கிந்தியா 8 ஓட்டத்தால் வென்றது. 1997 க்குப் பிறகு அவுஸ்திரேலிய மண்ணில் அவர்களுடைய முதல் டெஸ்ட் வெற்றி. அவர்களுடைய பழைய நட்சத்திரம் பிரையன் லாரா வர்ணனை அறையில் நின்று அழுதார். ஆட்டம் சாகவில்லை, நடுவர் அவர்களே. விட்டால் அது இன்னும் ஆட்களை அழவைக்கும்.

நம்முடைய பெயரையே எடுத்துக்கொண்டு போன கதைக்கு வருகிறேன். லங்கா பிரிமியர் லீக் 2020 இல் தொடங்கியது. யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு தடவை கிண்ணம் வென்றது. ஐந்து பருவத்தில் நான்கு! எந்த ஊருக்கு இப்படி ஒரு பாக்கியம் கிடைக்கும்? ஆட்டங்கள் எங்கே நடந்தன? அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை. யாழ்ப்பாணத்தில் ஒன்றுகூட இல்லை. உடுப்பில் எங்கள் ஊர்ப் பெயர், அதை நேரில் பார்க்க நாங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போக வேண்டும். சென்றல் கல்லூரிப் பிள்ளை விஜயகாந்த் வியாஸ்காந்த் முதல் வருடமே அந்த அணியில் இறங்கியபோது இந்த ஊர் எப்படிக் கொண்டாடியது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2024 இல் அவர் ஹைதராபாத்துக்கு ஐபிஎல்லில் ஆடினபோதும் அப்படித்தான். அந்தக் கொண்டாட்டத்தைக் கண்ட பிறகும் யாழ்ப்பாண ரசிகனுக்கு மனம் மாறிவிட்டது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் இங்கே வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

எதிரணித் தலைவர் ஐயா இன்னொரு குற்றச்சாட்டும் வைத்தார். பழையவர்களுக்குப் பழசுதான் பிடிக்கும், இலங்கை உலகக் கிண்ணம் வென்ற 1996 ஐயே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். ஆம் ஐயா, சொல்லுவோம். மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ இரைந்தது. கை ஓய்ந்தால் குரல் அடங்கும், அடுத்தவர் பிடிப்பார். வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் இருந்தபோதுதான் லாகூரில் அவுஸ்திரேலியாவோடு அந்த இறுதி ஆட்டம். வழமையாக இந்தியாவுக்குக் கைதட்டியவர்களும் இலங்கைக்குக் கைதட்டியவர்களும் ஒரே கொட்டிலில் இருந்தார்கள். ஆட்டம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

தொடக்க ஆட்டக்காரர் ஜயசூரியவும் களுவிதாரணவும் அன்றைக்கே அடித்து ஆடவில்லையா, இன்றைக்கு ஏன் குறை என்றும் ஐயா கேட்டார். நல்ல கேள்வி. அந்த இறுதி ஆட்டத்தில் இருவரும் 23 ஓட்டத்துக்குள் போய்விட்டார்கள். அப்புறம் குருசிங்க நின்றார், அரவிந்த டி சில்வா 107 எடுத்து நின்றார், ரணதுங்க முடித்து வைத்தார். அடிக்கிறவன் விழுவான், விழுந்தால் நிற்கத் தெரிந்தவன் வேண்டும். அன்றைய ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. நாங்கள் கேட்பது அந்த இடத்தைத்தான்.

2025 செப்டம்பரில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு வேலை தொடங்கியிருக்கிறது. நடத்துகிறவர்களுக்கு எங்கள் கோரிக்கையை இந்த மேடையிலேயே வைக்கிறேன். அங்கே ஒரு டெஸ்ட் தாருங்கள். மூன்று ஆட்டத் தொடரில் ஒன்றாக, இரண்டு அணியும் முழுப் பலத்தோடு வரட்டும். பந்து திரும்புகிற, எழும்புகிற ஆடுகளம் போடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐந்து நாளும் இலவசமாக வாசலைத் திறந்து விடுங்கள். பண்ணைப் பாலத்தால் எத்தனை சைக்கிள் வருகிறது என்று எதிரணி நண்பர்கள் நின்று எண்ணட்டும். தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.